கொல்லையில் ஒரு விறகு ஓவன்: கட்டுவது முதல் ரொட்டி சுடுவது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது ஒரே ஒரு வகை ஓவனைப் பற்றித்தான். களிமண்ணும் மணலும் குழைத்து, கொல்லையில் நாமே கட்டிக்கொள்ளும் குவிமாட ஓவன். உள்விட்டம் 70 சென்டிமீட்டர். ஒரு குடும்பத்துக்கும் வந்துபோகும் விருந்தாளிகளுக்கும் இந்த அளவு தாராளம். பலர் இதைப் பீட்சா அடுப்பு என்கிறார்கள். பீட்சா இதில் அருமையாக வரும், ஆனால் அது முதல் அரை மணி நேரத்து வேலைதான். நெருப்பை வெளியே இழுத்த பிறகு மறுநாள் காலை வரை சுவரில் நிற்கும் சூடுதான் இந்த ஓவனின் சொத்து. அந்தச் சூட்டை எப்படிச் சேர்ப்பது, எப்படி வீணாக்காமல் செலவழிப்பது என்பதையே கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் சொல்கின்றன.

சாதாரண விறகு அடுப்புக்கும் தந்தூரி அடுப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

விறகு அடுப்பில் நெருப்பு கீழே, பாத்திரம் மேலே. நெருப்பு அணைந்தால் சமையல் நின்றுவிடும். தந்தூரி என்பது நிற்க வைத்த மண் பானை. அடியில் கரி கனியும், ரொட்டியைப் பக்கச் சுவரில் அறைந்து ஒட்டுவார்கள். வாய் மேலே திறந்திருப்பதால் சூடு மேலேறிப் போய்க்கொண்டே இருக்கும், அதனால் கரியும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

குவிமாட ஓவனில் உணவு வைக்கும் அதே தரையில்தான் விறகு எரிகிறது. இரண்டு மூன்று மணி நேரம் எரியும்போது தரையும் சுவரும் சூட்டைக் குடித்துக்கொள்கின்றன. பிறகு அவை அதைத் திருப்பிக் கொடுக்கின்றன. தரை நேரடியாகச் சுடுகிறது, வளைந்த கூரை மேலிருந்து அனலை வீசுகிறது, உள்ளே சுழலும் காற்று பக்கங்களை வேகவைக்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் ரொட்டிக்கு அப்படி ஒரு மேல்தோல் கிடைக்கிறது.

யாழ்ப்பாணத்து பேக்கரிகளின் விறகுப் போறணையும், நம் ஊர்களில் இன்னும் மிச்சமிருக்கும் பழைய பேக்கரிகளின் விறகு ஓவனும் இதே தத்துவத்தில் நடப்பவைதான். அளவுதான் பெரிது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்து ரொட்டிக் கடைகளைத் தோண்டியபோது குவிமாட ஓவன்கள் கிடைத்தன, உள்ளே கரிந்துபோன ரொட்டிகளும் கிடைத்தன. இன்று நாம் கட்டப்போவதும் அதே வடிவம்தான்.

மொட்டை மாடியில் கட்டலாமா?

நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குவிமாடம் மட்டுமே 200 கிலோவைத் தாண்டும். தரைக்கல், சூடு கீழே இறங்காமல் தடுக்கும் காப்பு அடுக்கு, செங்கல் பீடம் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். அத்தனை எடையும் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் இடத்தில் உட்காரும். கட்டடப் பொறியாளர் நேரில் பார்த்துச் சரி என்று சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

எந்த இடம், எந்தத் திசை?

காற்று ஓவனின் வாய்க்குள் நேராக அடிக்கக்கூடாது. அடித்தால் புகை உள்ளேயே சுருண்டு கண்ணை எரிக்கும், நெருப்பும் ஒரே சீராக எரியாது. தமிழ்நாட்டில் ஆடிக் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும், ஐப்பசி கார்த்திகையில் வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். ஆகவே வாய் தென்கிழக்கைப் பார்த்து இருப்பது பெரும்பாலான இடங்களில் ஒத்துவரும். வீட்டுப் பெரியவர்கள் அக்னி மூலை என்று சொல்லும் இடத்திலேயே அது அமைந்துவிட்டால் வாதமும் மிச்சம். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவரும் மரங்களும் காற்றைத் திருப்பிவிடும். கட்டும் முன் சில மாலைகள் அந்த இடத்தில் ஓர் ஊதுபத்தியை ஏற்றிப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

கீற்றுக் கொட்டகைக்கு அடியில் கட்டவே கூடாது. வைக்கோல் போர், தென்னை ஓலைக் குவியல், சமையல் எரிவாயு சிலிண்டர் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. சுற்றி 3 மீட்டராவது வெற்றிடம் வேண்டும்.

எந்த மண் எடுக்க வேண்டும்?

ஓவன் நிற்பதும் விழுவதும் இதில்தான். குயவர்கள் சட்டி பானைக்கு எடுக்கும் குளத்துக் களிமண் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. அருகில் மண்பாண்டம் செய்பவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள். எந்தக் கண்மாயில் எத்தனை அடி ஆழத்தில் நல்ல மண் இருக்கிறது என்பது அவர்களுக்குக் கைரேகை போலத் தெரியும். மானாமதுரைப் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கடம் செய்யும் மண் கிடைக்கும் ஊர் அது.

செம்மண்ணும் பல இடங்களில் ஒத்துவரும், ஆனால் சோதித்துப் பார்த்தே எடுக்க வேண்டும். புற்று மண் மிக நல்லது, கிராமத்தில் அடுப்பு போட அதைத்தான் தேடிப் போவார்கள். பாம்பு குடியிருக்கும் புற்றில் கை வைக்க வேண்டாம். ஒதுக்க வேண்டியது கரிசல் மண். தண்ணீர் பட்டால் ஊதி, காய்ந்தால் சுருங்குவது அதன் குணம். கோடையில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

சோதனை எளிது. ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதிக்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிந்துவிடும். வண்டல் படிய ஓரிரண்டு மணி நேரம் ஆகும். களி மட்டும் கலங்கலாக நின்று ஒரு நாள் கழித்துத்தான் இறங்கும். மேலே இருக்கும் அந்தக் களி அடுக்கு எவ்வளவு தடிமன் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் நல்லது.

அடுத்து, மண்ணைச் சப்பாத்தி மாவு பதத்தில் பிசைந்து பென்சில் தடிமனில் திரியாக உருட்டி விரலில் சுற்றுங்கள். ஒடியாமல் சுற்றிக்கொண்டால் களி போதும். சுற்றும்போதே உதிர்ந்தால் வேறு மண் தேடுங்கள்.

மணல் எவ்வளவு? எம்-சாண்ட் போடலாமா?

போடலாம். எம்-சாண்டின் மணிகள் கூர்முனையோடு இருப்பதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். கடற்கரை மணல் மட்டும் வேண்டாம், அதில் உப்பு இருக்கும். நல்ல களிமண் ஒரு பங்குக்கு மணல் இரண்டு முதல் மூன்று பங்கு. மணல் ஏன் இவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். களி காயும்போது சுருங்கும், மணல் சுருங்காது. மணல்தான் எலும்பு, களி அதை ஒட்டும் பசை.

ஒன்றுக்கு இரண்டு, ஒன்றுக்கு இரண்டரை, ஒன்றுக்கு மூன்று என்று மூன்று விகிதத்தில் சின்னச் சின்னக் கட்டிகள் செய்து நிழலில் காயவையுங்கள். விரிசல் விடாமல், நகத்தால் சுரண்டினால் தூளும் கொட்டாமல் இருப்பது எதுவோ அதுதான் உங்கள் மண்ணுக்கான கலவை. இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். ஒரு வாரம் போனாலும் பரவாயில்லை.

பலத்துக்குக் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்தால்?

கூடாது. சிமெண்ட் இறுகுவதே தண்ணீரோடு சேர்ந்துதான். 300 டிகிரிக்கு மேல் போகும்போது அந்த நீர் பிரிந்து வெளியேறத் தொடங்கும், 400ஐத் தாண்டினால் பிடிப்பே விட்டுப்போய் உதிரும். இந்த ஓவனின் உட்சுவர் அதையெல்லாம் சர்வ சாதாரணமாகத் தாண்டும். களிமண் அதற்கு நேர் எதிர். எவ்வளவு சுடுகிறதோ அவ்வளவு இறுகும். சில மாதங்கள் புழங்கிய பிறகு உட்சுவரைத் தட்டிப் பாருங்கள், பானை போல ‘ணங்’ என்று கேட்கும்.

பீடத்தைச் சிமெண்ட் வைத்துக் கட்டலாம். அங்கே சூடு போகாது.

தரைக்கு எந்தக் கல்?

தீச்செங்கல் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. 23க்கு 11.5 சென்டிமீட்டர் அளவில் வரும். நம் ஓவனுக்கு 25 வாங்கினால் போதும், வாய்க்கு முன்னால் நீண்டிருக்கும் பகுதிக்கும் சேர்த்து. கிடைக்காவிட்டால், நன்றாக வெந்த சூளைச் செங்கல். இரண்டு கல்லை ஒன்றோடு ஒன்று தட்டும்போது மணிச்சத்தம் வர வேண்டும். அது வருடங்கள் போகப் போக லேசாகப் பொரிந்து போகும், அப்போது கல்லை மாற்றிக்கொள்ளலாம்.

ஃப்ளை ஆஷ் கல் வேண்டாம், அதிலும் சிமெண்ட் இருக்கிறது. ஆற்றுக் கூழாங்கல்லும் கருங்கல் பலகையும் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும்போது கல் சிதறித் தெறிக்கும்.

அளவுகள் என்ன?

உள்விட்டம் 70 செ.மீ., உள்ளே நடுவில் உயரம் 40 செ.மீ., வாயின் உயரம் 25 செ.மீ., வாயின் அகலம் 35 செ.மீ. மற்றவற்றில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், வாயின் உயரத்தை மட்டும் மாற்றாதீர்கள். அது உள் உயரத்தில் ஏறக்குறைய 63 சதவீதம் இருக்க வேண்டும். கனடாவின் கியூபெக் பகுதியில் பழைய மண் ஓவன்களை அளந்து பார்த்துக் கண்ட விகிதம் இது. ஒரே வாய் வழியாகத்தான் கீழே குளிர்ந்த காற்று நுழைகிறது, மேலே புகை வெளியேறுகிறது. வாய் இதைவிடத் தாழ்ந்தால் நெருப்பு மூச்சுமுட்டும். உயர்ந்தால் சூடெல்லாம் வெளியே ஓடும்.

சமைக்கும் தரை உங்கள் முழங்கைக்குச் சற்றுக் கீழே, அதாவது தரையிலிருந்து 90 முதல் 100 செ.மீ. உயரத்தில் வருமாறு பீடத்தைக் கட்டுங்கள். குனிந்து குனிந்து சமைக்கும் ஓவனை யாரும் நீண்ட நாள் பயன்படுத்த மாட்டார்கள்.

சரி, எப்படிக் கட்டுவது?

பீடத்தைச் செங்கல்லால் சதுரமாக எழுப்பி, உள்ளே உடைந்த கல்லும் மண்ணும் போட்டு இடித்து நிரப்புங்கள். அதன் மேல் 10 செ.மீ. உயரத்துக்குக் காப்பு அடுக்கு. நெல் உமியில் களிக் கரைசல் ஊற்றிப் புரட்டி, நடுவில் காலி கண்ணாடி பாட்டில்களைப் படுக்க வைத்து மூடலாம். பாட்டிலுக்குள் இருக்கும் காற்று சூட்டைக் கீழே விடாது. உமிச் சாம்பல் கிடைத்தால் இன்னும் மேல். இந்த அடுக்கு நன்றாகக் காய வேண்டும்.

பிறகு ஒரு விரல் தடிமனுக்கு மணல் பரப்பி மட்டம் பார்த்து, தரைக்கல்லைப் பூச்சு எதுவும் இல்லாமல் நெருக்கி அடுக்குங்கள். ஒரு கல்லின் விளிம்பு பக்கத்துக் கல்லைவிட நூலளவு தூக்கி நின்றாலும், பீட்சாவை உள்ளே தள்ளும் நீண்ட காம்புத் துடுப்பு அதில் இடிக்கும், பீட்சா சுருண்டுவிடும். உள்ளங்கையால் தடவித் தடவிச் சரிபார்க்க வேண்டிய இடம் இது.

கல்லின் மேல் வட்டம் வரைந்து, ஈர மணலைக் குவித்து, தட்டித் தட்டிக் குவிமாட வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். நடு உயரத்துக்கு ஒரு குச்சியை 40 செ.மீ.இல் வெட்டி நட்டுவைத்தால் கண் ஏமாறாது. மணல் மேட்டின் மேல் நனைத்த செய்தித்தாளை ஒட்டுங்கள். உள்ளே இருந்து மணலைத் தோண்டும்போது மணல் எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று அந்தத் தாள்தான் காட்டிக்கொடுக்கும்.

கலவையைத் தார்ப்பாயில் கொட்டி மிதிக்க வேண்டும். தண்ணீர் குறைவாக, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம். மார்பு உயரத்திலிருந்து உருண்டையைக் கீழே விட்டால் அது சப்பையாகி வழியவும் கூடாது, சிதறவும் கூடாது. நம் அளவுக்கு ஏறக்குறைய 110 லிட்டர் கலவை தேவைப்படும். கட்டட வேலைச் சட்டியில் சொன்னால் பத்துச் சட்டிக்குக் குறையாது. பிள்ளைகளை மிதிக்க விடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்.

அடியிலிருந்து தொடங்கி, சுற்றிலும் 10 செ.மீ. தடிமனில், வரி வரியாக ஏற்றுங்கள். மணல் மேட்டை நோக்கி அழுத்தக்கூடாது. ஒரு கையை வெளிப்பக்கம் அணைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக, முந்தின வரியோடு ஒட்டும்படி அழுத்துங்கள். இந்தக் கனமான அடுக்கை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் மறுநாள் போடும் மண் பழையதோடு சேராது.

ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, விரலால் அழுத்தினால் லேசாக மட்டும் தடம் விழும் நிலையில், வாயை வெட்டி மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுங்கள். வெட்டிய வாய் ஓரம் தொய்ந்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். மணலை மீண்டும் முட்டுக் கொடுத்து இன்னொரு நாள் விடுங்கள்.

மாசி, பங்குனி இதற்கு ஏற்ற மாதங்கள். சித்திரை வெயிலில் கட்டுவதானால் ஈரச் சாக்கு போர்த்தி மெதுவாகக் காயவிடுங்கள்.

வெளியே இன்னொரு அடுக்கு அவசியமா? பலர் ஒரே அடுக்கோடு விட்டுவிடுகிறார்களே?

அவசியம். ஒரே அடுக்கு ஓவனில் பீட்சா சுடலாம், அத்தோடு சரி. ஒரு மணி நேரத்தில் சூடு வெளிச்சுவர் வழியே கழன்றுவிடும். உள் அடுக்கு சூட்டைச் சேர்ப்பது, அதனால் அது கனமாக, நெருக்கமாக இருக்கும். வெளி அடுக்கு சூட்டை விடாமல் பிடிப்பது, அதனால் அது இலேசாக, காற்றறைகளோடு இருக்க வேண்டும்.

களிமண்ணைத் தோசை மாவு போலக் கரைத்து, வெட்டிய வைக்கோலிலோ உமியிலோ ஊற்றிப் பிசிறுங்கள். ஒவ்வொரு துண்டிலும் களி பூசியிருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக்கூடாது. இதை 10 செ.மீ. தடிமனில் இறுக்காமல் அப்புங்கள். சரியாகப் போட்டால் உள்ளே நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போதும் வெளிச்சுவரில் கை வைக்கலாம். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

மேல்பூச்சுக்குச் சுண்ணாம்பு. கடுக்காய் ஊறவைத்த நீரில் குழைத்துப் பூசினால் நன்றாகப் பிடிக்கும். சிமெண்ட் பூச்சு உள்ளே இருக்கும் ஈரத்தை மூச்சுவிடாமல் அடைத்துவிடும்.

புகைபோக்கி?

இந்த அளவுக்குத் தேவையில்லை. வைத்தே ஆக வேண்டும் என்றால் வாய்க்கு வெளியே, முன்பக்க வளைவின் மேல் வையுங்கள். குவிமாடத்தின் உச்சியில் ஓட்டை போட்டால் சேர்த்த சூடு அத்தனையும் அதன் வழியே போய்விடும்.

இரும்பு டிரம்மில் செய்தால் வேலை மிச்சம் இல்லையா?

தகரம் சூட்டைச் சேர்க்காது, நெருப்பு தணிந்தவுடன் அதுவும் தணிந்துவிடும். துத்தநாகம் பூசிய டிரம் என்றால் சூட்டில் அந்தப் பூச்சிலிருந்து நச்சுப்புகை வரும். எண்ணெயோ ரசாயனமோ இருந்த டிரம் இன்னும் மோசம்.

விரிசல் விட்டுவிட்டது. இடிக்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முடி அளவு விரிசல் எல்லா மண் ஓவனிலும் வரும். சூடேறும்போது விரிந்து ஆறும்போது சுருங்கும் சுவர் அது. ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவுக்கு மேல் இருந்தால், விரிசலை நனைத்து, அதே கலவையைத் தளர்வாகக் குழைத்து உள்ளே அழுத்துங்கள். உட்கூரையிலிருந்து துண்டு துண்டாக விழுந்தால்தான் கவலைப்பட வேண்டும். பெரும்பாலும் முதல் நெருப்பைப் பெரிதாக மூட்டியதால் வருவது அது.

அதனால் முதல் நெருப்புக்குப் பொறுமை வேண்டும். இரண்டு மூன்று வாரம் நிழலில் காய்ந்த பிறகு, முதல் நாள் சுள்ளிகளை மட்டும் வைத்துக் கையளவு நெருப்பு. அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெளிச்சுவரில் ஈரத் திட்டுகள் தெரிந்து, ஆவி கிளம்பும். அது நிற்கும் வரை பெரிய நெருப்பு கூடாது.

எந்த விறகு நல்லது?

சவுக்கு. சீராக எரியும், நல்ல சூடு, மணிக்கட்டுத் தடிமனில் கிடைக்கும், பிளக்க வேண்டியதில்லை. அடுத்து சீமைக் கருவேலம். கனல் கெட்டியாக நிற்கும். வெட்டினால் நிலத்துக்கும் நல்லது, முள்ளுக்கு மட்டும் கவனம். புளி, வேலம் இரண்டும் நின்று எரிபவை. கொட்டாங்குச்சி மூட்டுவதற்கு நல்லது, ஆனால் தொடக்கத்தில் கரும்புகை விடும். தேங்காய் மட்டை எனக்குப் பிடிக்காது. புகைதான் அதிகம்.

எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். வெட்டி ஆறு மாதமாவது கூரைக்கு அடியில் கிடந்த விறகு வேண்டும். இரண்டு துண்டைத் தட்டினால் ‘டக்’ என்று கணீரென ஒலித்தால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் பச்சை. பெயின்ட் அடித்த பலகை, ப்ளைவுட், பழைய கதவு ஜன்னல் துண்டுகள் வேண்டாம். அரளிக் குச்சியும் எட்டி மரமும் கலந்துவிடக் கூடாது, இரண்டும் விஷம்.

மூட்டுவது எப்படி? சூடேறியதை எப்படித் தெரிந்துகொள்வது?

வாய்க்குச் சற்று உள்ளே சுள்ளி அடுக்கி மூட்டி, நன்றாகப் பிடித்ததும் நடுவுக்குத் தள்ளுங்கள். பெரிய கட்டைகளை ஒன்றிரண்டாகத்தான் சேர்க்க வேண்டும். சுடர் கூரையைத் தொட்டு வாய்ப்பக்கம் வளைந்து வர வேண்டும், வெளியே நாக்கு நீட்டக் கூடாது. இரண்டரை முதல் மூன்று மணி நேரம், 10 முதல் 15 கிலோ விறகு. மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம்.

ஓவனே உங்களுக்குச் சொல்லும். முதல் ஒரு மணி நேரத்தில் உட்கூரை முழுக்கக் கரி பிடித்துக் கருத்துப்போகும். பிறகு உச்சியில் ஓர் இடத்தில் கருமை மறைந்து மண்ணின் நிறம் வெளியே வரும். அந்த வெளிர்ந்த திட்டு மெல்ல மெல்ல விரிந்து பக்கச் சுவரில் இறங்கும். 350 டிகிரிக்கு மேல் போனதும் கரி எரிந்து போவதுதான் காரணம். சுவரின் அடி வரை வெளுத்துவிட்டால் ஓவன் தயார்.

பீட்சாவுக்கு?

கனலையும் எரியும் கட்டையையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, தரையைத் துடைத்துவிடுங்கள். நெருப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும், கதவு வேண்டாம். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து முறையில் 430 டிகிரியும் அதற்கு மேலும் சூடேற்றி 60 முதல் 90 வினாடியில் எடுத்துவிடுகிறார்கள். நேப்பிள்ஸ் பீட்சா சுடும் கலையை யுனெஸ்கோ 2017இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. வீட்டு மின் ஓவன் பெரும்பாலும் 250ஐத் தாண்டாது. அதில் மாவு வேகும் முன் காய்ந்துபோவது இதனால்தான்.

ஒரு கிலோ மைதாவுக்கு 600 மில்லி தண்ணீர், 25 கிராம் உப்பு, 2 கிராம் ஈஸ்ட். நம் ஊர் மைதாவுக்கு இதற்கு மேல் தண்ணீர் விட்டால் மாவு கையில் நிற்காது. துடுப்பில் ரவை தூவினால் பீட்சா வழுக்கிக்கொண்டு இறங்கும். மேலே குறைவாகப் பரப்புங்கள். போட்ட கணத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், அரை நிமிடத்தில் நெருப்புப் பக்க விளிம்பு பொரிந்துவிடும், உடனே திருப்ப வேண்டும்.

ரொட்டிக்கு?

எனக்கு இந்த ஓவனில் மிகவும் பிடித்த வேலை இது. கனல் முழுவதையும் இரும்பு வாளிக்கு இழுத்துவிடுங்கள். ஈரச் சாக்கு கட்டிய கம்பால் தரையைத் துடையுங்கள். பிறகு கதவை மூடி அரை மணி நேரம் முதல் முக்கால் மணி நேரம் சும்மா விடுங்கள். இந்தக் காத்திருப்பில் கூரையின் அதிக சூடும் தரையின் குறைந்த சூடும் ஒன்றுக்கொன்று சமமாகும். இதை விட்டவர்களுக்குத்தான் மேலே கருகி அடியில் வேகாத ரொட்டி வரும்.

சோதிக்க, தரையில் ஒரு சிட்டிகை மைதா தூவுங்கள். மூன்று நான்கு வினாடியில் கருத்தால் இன்னும் பொறுங்கள். பத்துப் பதினைந்து வினாடியில் பொன்னிறமானால் சரி, ஏறக்குறைய 230 முதல் 250 டிகிரி.

ஒரு கிலோ மாவு (பாதி மைதா, பாதி கோதுமை), 650 மில்லி தண்ணீர், 20 கிராம் உப்பு, 5 கிராம் ஈஸ்ட். நம் வெயிலுக்கு மாவு வேகமாகப் பொங்கும், ஆகவே பானைத் தண்ணீரில் பிசையுங்கள். மூன்று உருண்டையாகப் பிரித்து, பிளேடால் மேலே கீறி, உள்ளே தள்ளி, கைப்பிடித் தண்ணீரைச் சுவரில் தெளித்துக் கதவை அடையுங்கள். ஆவி இருக்கும் வரை மேல்தோல் இளகி விரியும். அரை மணி நேரத்தில் எடுத்து அடியைத் தட்டினால் உள்ளே கூடு போல ஒலிக்கும். வெளியே காற்றில் வைத்ததும் ரொட்டி மெல்லச் சடசடவென்று வெடிக்கும், காதருகே பிடித்தால் நன்றாகக் கேட்கும். மேல்தோல் சரியாக வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

நம் வீட்டுச் சமையலுக்கு இது உதவுமா?

உதவுமாவா? ரொட்டியை எடுத்ததும் மீன் வையுங்கள். முழுச் சங்கராவில் மசாலா தடவி வாழையிலையில் மடித்து வைத்தால் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஒன்றே கால் கிலோ கோழியை முழுசாக, மண் சட்டியில் சின்ன வெங்காயத்தின் மேல் உட்கார வைத்தால் ஒரு மணி நேரம். தொடையின் எலும்பருகே குத்தினால் தெளிந்த நீர் வர வேண்டும், வெப்பமானி இருந்தால் 74 டிகிரி.

பிரியாணிக்கு இது பொருத்தமான இடம். மூடியின் மேல் கனல் அள்ளிப் போடுவதே மேலும் கீழும் ஒரே சூடு வேண்டும் என்றுதானே. முக்கால் பதம் வெந்த சீரகச் சம்பாவை இறைச்சி மேல் பரப்பி, மூடி ஓரத்தை மாவால் அடைத்து, 180 டிகிரியில் முக்கால் மணி நேரம் உள்ளே விடுங்கள். அடிபிடிக்காது, கிளற வேண்டியதில்லை, ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நிற்கும்.

பிறகு சூடு இன்னும் இறங்கும்போது கேக், அப்புறம் நெய் பிஸ்கட். 120 டிகிரிக்கு அருகே வந்ததும் தூத்துக்குடி மக்ரூனை முயன்று பாருங்கள். அடித்த முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரித் தூளும் நிறம் மாறாமல் மெதுவாகக் காய இப்படித் தணிந்துகொண்டே போகும் சூடுதான் வேண்டும். இரவு படுக்கும் முன் ஊறவைத்த கொண்டைக்கடலையோ ஆட்டுக்காலோ மண்பானையில் தண்ணீரோடு கொதிக்கவைத்து உள்ளே தள்ளிக் கதவை அடைத்துவிட்டால், காலையில் இரண்டு விரலால் நசுங்கும். எல்லாம் எடுத்த பிறகு, கதவைச் சற்றுத் திறந்து வைத்து முருங்கைக் கீரை உலர்த்தலாம், கறிவேப்பிலை உலர்த்தலாம்.

கதவு எதில் செய்வது?

5 செ.மீ. தடிமன் பலகை போதும், உள்பக்கம் தகரம் அடித்தால் கருகாது. ரொட்டிக்கு முன் தண்ணீரில் ஊறவைத்தால் ஆவிக்கும் உதவும். வாயில் இறுக்கமாகப் பொருந்த வேண்டும், இடைவெளி இருந்தால் ஈரத்துணியால் அடையுங்கள். விறகு எரியும்போது கதவை மூடாதீர்கள்.

பாதுகாப்புக்கு என்னென்ன பார்க்க வேண்டும்?

மூடிய இடத்தில், ஷெட்டுக்குள் மூட்டக் கூடாது. கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. வாய்க்கு நேராக முகத்தைக் கொண்டுபோக வேண்டாம். நைலான் சேலை, தொங்கும் துப்பட்டாவோடு அருகில் நிற்க வேண்டாம். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

சாம்பலில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். மேலே வெள்ளையாக ஆறிக் கிடக்கும், உள்ளே கங்கு ஒரு நாளைக்கு மேலும் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் இரண்டு நாள் வைத்த பிறகே தென்னைக்கோ வாழைக்கோ போடுங்கள். குப்பைத் தொட்டியில் நேராகக் கொட்டாதீர்கள்.

மழையில் நனைந்துவிட்டது. உடனே மூட்டலாமா?

மூட்டக்கூடாது. வெளி அடுக்கு வேகாத மண், தண்ணீரைக் குடித்திருக்கும். திடீரென்று சூடேற்றினால் ஆவி சுவரைப் பிளந்துவிடும். வெயில் வந்ததும் சில நாள் காயவிட்டு, புதிய ஓவனுக்குச் செய்தது போலவே சுள்ளி நெருப்பிலிருந்து தொடங்குங்கள். ஐப்பசிக்கு முன்பே நான்கு கால் நட்டு மேலே தகரக் கூரை போட்டுவிடுவது நல்லது. குவிமாடத்துக்கும் கூரைக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, சாரல் அடிக்கும் பக்கம் கூரையைக் கூடுதலாக இறக்கிவிடுங்கள்.